ஆர்எக்ஸ் 100, ஆர்டி 350: கையை விட்டாலும் ரைஸ் இறங்கல, ஆக்சிலேட்டர் பிடிச்சுக்குது

பாம்பன்காத்து:
வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100. மிக்குனி விஎம்20 கார்ப் (கார்புரேட்டர்), ஆட்டோலூப் பம்ப் (இன்ஜினுக்குத் தானா ஆயில் அடிக்கிறது) இன்னும் வேலை செய்யுது. கால்வாசி திறப்பு வரைக்கும் ஒழுங்கா திரும்புது. பாதிக்கு மேல திருகிட்டு விட்டா கிரிப் அங்கேயே நிக்குது, ரைஸும் (இன்ஜின் வேகம்) நிக்குது. கையால முன்பக்கமா தள்ளினா இறங்கிடுது. ஹேண்டிலை இடதுபக்கம் முழுசா ஒடிச்சா இன்னும் மோசம். கார்ப்பைக் கழட்டி ஜெட் (பெட்ரோல் வர்ற சின்னத் துளைகள்) எல்லாம் ஊதி மாட்டியாச்சு, ஒரு மாற்றமும் இல்லை. கேபிள் கம்பெனிது இல்லை, கடைல கிடைச்சது.

இதோட இன்னொண்ணு. கூட்டாளியோட ஆர்டி 350-ல ரெண்டு கார்ப்ல வலதுபக்கத்தது லேட்டா இறங்குது. ரெண்டு வண்டிக்கும் ஒரே காரணமா, வேற வேறயா? எங்கிருந்து தொடங்கணும்னு வரிசையா சொல்லுங்கண்ணே.

உச்சிப்புளி_ஸ்பேனர்:
தம்பி, நீங்க எழுதினதுலயே பாதி பதில் இருக்கு. ஆர்எக்ஸ்-க்கு ஒத்தைக் கேபிள். அது இழுக்க மட்டும்தான். மூடுற வேலை முழுக்க ஸ்லைடு (கார்ப்புக்குள்ள மேலும் கீழும் ஓடிக் காத்து வழியைத் திறந்து மூடுற உருளை) மேல உக்காந்திருக்கிற ஸ்பிரிங்கோடது. கேபிள் ஸ்லைடைக் கீழே தள்ளாது. அதனால கார்ப்புக்குள்ள ஸ்லைடு சிக்கியிருந்தா, கிரிப் லூசாகிச் சும்மா முன்னால வந்துடும், ரைஸ் மட்டும் மேலேயே நிக்கும். உங்களுக்குக் கிரிப்பே நிக்குது, தள்ளினா ரைஸ் கூடவே இறங்குது. அப்போ இறுக்கம் கிரிப்புல இருக்கு, இல்லைன்னா மேல் கேபிள்ல, இல்லைன்னா நடுவுல இருக்கிற ஜாயின்ட் டப்பால. ஜெட்டை ஊதினதுல என்ன வந்துடப் போகுது?

இன்னொரு குணத்தையும் இதோட போட்டுக் குழப்பிக்காதீங்க. கிரிப்பை முழுசா மூடி அழுத்திப் பிடிச்ச பிறகும் ரைஸ் மெதுவா இறங்குதுன்னா அது பிடிக்கிறது இல்லை, காத்து உறிஞ்சுறது. கார்ப்பை இன்ஜினோட சேர்க்கிற மேனிஃபோல்டு ரப்பர்ல வெடிப்பு, ஓரிங் (ரப்பர் வளையம்) தட்டையாப் போறது, கிளாம்ப் லூசு, இப்படி ஏதாவது இருக்கும். ஐட்லிங்ல ஓடவிட்டு ரப்பர் மேல தண்ணியை ஸ்பிரே பண்ணிப் பாருங்க. ரைஸ் மாறினா ஓட்டை அங்கதான். கார்ப் கிளீனரை வச்சு இந்தச் சோதனை பண்றவங்க இருக்காங்க. சூடான சைலன்சர் பக்கத்துல அது வேண்டாத வேலை. சோக்கை லேசா இழுத்ததும் ரைஸ் அடங்குதுன்னாலும் காத்து அதிகம்னுதான் அர்த்தம். டூ ஸ்ட்ரோக்ல மேக்னட் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் போனாலும் இதே மாதிரிதான் ரைஸ் தொங்கும். அதுக்குக் கேபிள் மாத்திப் பிரயோஜனம் இல்லை.

உங்க வண்டிக்கு வரிசை: இன்ஜின் ஆஃப், நல்லா ஆறியிருக்கணும், பெட்ரோல் டேப் மூடியிருக்கணும், சென்டர் ஸ்டாண்டு. ஹேண்டில் நேரா இருக்கும்போது முழுசா திருகி விடுங்க. கார்ப்லேர்ந்து 'டக்'னு ஒரு சத்தம் வரணும், அது ஸ்லைடு அடியில போய் உக்கார்ற சத்தம். இடதுபக்கம் ஒடிச்சு ஒரு தடவை, வலதுபக்கம் ஒடிச்சு ஒரு தடவை இதையே செய்யுங்க. ஒரு பக்கம் மட்டும் சத்தம் மங்குதுன்னா கேபிள் போற வழியில கோளாறு.

அடுத்து கார்ப் மேல்மூடியைத் திருகிக் கழட்டி ஸ்லைடை வெளியே எடுங்க. ஸ்லைடுல தொங்குற ஊசி வளையாம நேரா தூக்கணும். ஸ்பிரிங்கை மேல்நோக்கி அமுக்கிப் பிடிச்சு, கேபிள் நிப்பிளை (வயர் நுனியில இருக்கிற குமிழ்) ஸ்லைடு காடிலேர்ந்து விடுவியுங்க. இப்போ கேபிள் தனி, ஸ்லைடு தனி. ஸ்பிரிங் இல்லாம ஸ்லைடை மட்டும் கார்ப்புக்குள்ள விடுங்க. தன் எடையிலேயே சறுக்கி அடியில போய் உக்காரணும். உக்காந்தா கார்ப் குத்தமில்லை. பிறகு கேபிள் நுனியைக் கையால பிடிச்சு லேசா இழுத்துக்கிட்டு, இன்னொரு ஆளைக் கிரிப்பைத் திருகச் சொல்லுங்க. சொரசொரன்னு கைக்குத் தெரியும்.

கீழக்கரை_டூஸ்ட்ரோக்:
அண்ணன் சொன்ன ஜாயின்ட் டப்பாவைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்றேன், ஆர்எக்ஸ்காரங்க பாதிப்பேர் அதைத் திறக்கிறதே இல்லை.

கிரிப்லேர்ந்து வர்ற ஒரு கேபிள் டேங்குக்கு அடியில ஒரு சின்ன உருளை டப்பாக்குள்ள போகும். உள்ளே ஒரு கட்டை மேலும் கீழும் ஓடும். அதோட அடிப்பக்கத்துல ரெண்டு கேபிள் புறப்படும், ஒண்ணு கார்ப்புக்கு, இன்னொண்ணு ஆயில் பம்புக்கு. ஆர்டி 350-ல இதே ஏற்பாடு, ஆனா ஒண்ணு மூணாப் பிரியும்: ரெண்டு கார்ப், ஒரு பம்ப். மேல் கேபிளோட அவுட்டர் (வெளி உறை) வழியா இறங்குற உப்புத்தண்ணி கடைசியா தங்குற இடம் இந்த டப்பாதான். திறந்து பாருங்க, கட்டையைச் சுத்தி ஈரமண் மாதிரி பசை பிடிச்சு, ஓரத்துல வெள்ளைப் பொடி இருக்கும். கட்டை பாதி வழியில நின்னுடும்.

மூடியைப் பிரிச்சு மூணு நிப்பிளையும் எடுத்துட்டு, மண்ணெண்ணெய்ல ஊறப்போட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால தேயுங்க. நல்லாக் காய்ஞ்ச பிறகு கட்டையில விரல்ல ஒட்டுற அளவு கிரீஸ் போதும். டப்பா நிறையத் திணிச்சா வெயில்ல இளகிப் புழுதியோட கட்டியாயிடும்.

ஒரு எச்சரிக்கை. இந்த டப்பாவைப் பிரிச்சு மாட்டினாலும் சரி, கேபிள் அட்ஜஸ்டர்ல கை வச்சாலும் சரி, ஆயில் பம்ப் செட்டிங் நகர்ந்துடும். பம்ப் புல்லியில ஒரு குறியும் எதிர்ல ஒரு பின்னும் இருக்கும். கிரிப்பை எந்த நிலையில வச்சா ரெண்டும் நேர்ல வரணும்னு மாடலுக்கு மாடல் வித்தியாசம் உண்டு, அந்த வண்டியோட சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்துத்தான் செய்யணும். கார்ப் பக்கம் சரியா இருக்கு, வண்டி நல்லா ஓடுதுன்னு விட்டுட்டா பம்ப் குறைச்சு அடிச்சுப் பிஸ்டன் சீஸ் ஆயிடும்.

தங்கச்சிமடம்_எக்ஸெல்:
டூ ஸ்ட்ரோக் பெருமையெல்லாம் இருக்கட்டும் பாய், இந்தப் பக்கம் ஆக்சிலேட்டர் அதிகமாப் பிடிக்கிற வண்டி டிவிஎஸ் எக்ஸெல்தான். மீன் பெட்டி, ஐஸ் தண்ணி. பெட்டியிலேர்ந்து சொட்டுறது வெறும் தண்ணி இல்லை, உப்பும் மீன் ரத்தமும் கலந்தது. காய்ஞ்சா பிசின்.

எக்ஸெல்ல முதல்ல பார்க்க வேண்டியது கார்ப் தலையில கேபிள் நுழையிற இடத்து ரப்பர் தொப்பி. கேபிள் அவுட்டர் மேல ஓடி வர்ற தண்ணி அதுக்குள்ள போகாம இருக்கத்தான் அது இருக்கு. வெடிச்சுக் கிழிஞ்சு தொங்கும், இல்லைன்னா இருக்கவே இருக்காது. அப்போ ஒவ்வொரு சொட்டும் இன்னர் வயரை (அவுட்டருக்குள்ள ஓடுற கம்பி) பிடிச்சு இறங்கி ஸ்லைடு தலைமேல நிக்கும். கார்ப் உடம்பு துத்தநாகம், அலுமினியம் கலந்த வார்ப்பு. உப்பு பட்டா வெள்ளையா பூக்கும். ஸ்லைடுக்கும் உடம்புக்கும் நடுவுல இருக்கிறதே மயிரிழை இடைவெளிதான். அந்தப் பூப்பு அதை அடைச்சுடும். தொப்பியோட விலை ஒரு டீ வடைக்குள்ள வந்துடும், அதை மாத்தாம ஸ்லைடை எத்தனை தடவை தேய்ச்சாலும் திரும்பப் பிடிக்கும்.

ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலத்துல ஏவாரம் இல்லாம வண்டியை ஓரமா நிறுத்துறவங்களுக்கு: பெட்ரோல் டேப்பை மூடிட்டு, ப்ளோட் சேம்பர் (கார்ப் அடியில பெட்ரோல் தங்குற கிண்ணம்) அடி ஸ்குரூவைத் திறந்து வடிச்சுடுங்க. இப்போ வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். அது காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். ரெண்டு மாசம் கழிச்சுத் திறந்தா அடியில வெள்ளைக் கசடு, ஊசியும் ஸ்லைடும் பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டிருக்கும்.

வாலிநோக்கம்_150:
ஓட்டும்போதே பிடிச்சுக்கிட்டா என்ன செய்யணும்னு இன்னும் யாரும் எழுதல. பாம்பன் பாலம் மாதிரி ஒதுங்க இடமில்லாத ரோட்டுல இது முக்கியம்.

உச்சிப்புளி_ஸ்பேனர்:
கிளட்சைப் பிடி, சாவியை ஆஃப் பண்ணு, பிரேக். இந்த வரிசைதான். கிளட்ச் பிடிச்சதும் இன்ஜின் அலறும், பயந்து கிளட்சை விட்டுடக் கூடாது. சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பணும். ஹேண்டில் லாக் சாவியோடவே இருக்கிற வண்டிகள்ல அந்தப் பக்கம் போய்டாம பார்த்துக்கணும். கில் சுவிட்ச் இருந்தா அதைத் தட்டுறது இன்னும் நல்லது, கை ஹேண்டிலை விட்டு எடுக்க வேண்டியதில்லை. எக்ஸெல்ல கிளட்ச் லீவர் இல்லை, அதனால சாவி, பிரேக். கிரிப்பைத் திரும்பத் திரும்பத் திருகி விடுவிக்கப் பார்க்கிறது ஓடுற வண்டியில செய்ற வேலை இல்லை. அப்படி ஒரு தடவை பிடிச்ச வண்டியை 'இப்போ சரியாயிடுச்சு'ன்னு திரும்ப ஓட்டக் கூடாது, தள்ளிக்கிட்டோ ஏத்திக்கிட்டோ போகணும்.

பாம்பன்காத்து:
சொன்னபடி பிரிச்சுப் பார்த்தேன். ஸ்லைடு தனியா விட்டா 'டக்'னு விழுது. கேபிளைக் கார்ப் பக்கம் கழட்டி நுனியை லேசா இழுத்துப் பிடிச்சாலும் கிரிப் அதே இடத்துல நிக்குது. டேங்கைத் தூக்கினா, மேல் கேபிளைச் சேஸோட சேர்த்து ஒரு பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கியிருக்கு, அவுட்டர் அந்த இடத்துல நசுங்கியிருக்கு. டையை வெட்டினதும் இடதுபக்கம் ஒடிக்கிறப்ப இருந்த இறுக்கம் போச்சு. நேரா வச்சாலும் பாதித் திறப்புல இருக்கிற பிடிப்பு மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கு. ஜாயின்ட் டப்பாவுல கீழக்கரை பாய் சொன்ன வெள்ளைப் பொடி இருக்கு. கிரிப் பக்கத்தை இன்னும் திறக்கல.

கீழக்கரை_டூஸ்ட்ரோக்:
அவுட்டர் நசுங்கின கேபிளைச் சரி பண்ண முடியாது, மாத்துங்க. உள்ளே சுருள்கம்பி வளைஞ்சிருக்கும், இன்னர் அதுல உரசிக்கிட்டே இருக்கும். புதுசு வாங்கும்போது பழையதைக் கையில கொண்டுபோங்க. அவுட்டரோட நீளத்தையும், அவுட்டருக்கு வெளியே இன்னர் எவ்வளவு நீட்டிக்கிட்டிருக்குங்கிறதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடுங்க. அவுட்டர் சரியா இருந்து இன்னர் கொஞ்சம் குட்டையா இருந்தா அட்ஜஸ்டரை முழுசா உள்ளே விட்டாலும் ஸ்லைடு அடிவரைக்கும் இறங்காது. நிப்பிளையும் பாருங்க. பித்தளை நிப்பிள் வார்ப்புல பிசிறு இருந்தா ஸ்லைடு காடியில திரும்பாம வயரை ஒரே இடத்துல மடிக்கும். கொஞ்ச நாள்ல அங்க ஒவ்வொரு இழையா அறும். ஒரு இழை அறுந்து முள்ளு மாதிரி நின்னாலே போதும், அது அவுட்டர் வாயில கொக்கி போட்டு ஆக்சிலேட்டரைத் திறந்தபடியே பிடிச்சுக்கும். அறுந்த இழையை வெட்டிவிட்டு ஓட்டுறது, ஈயம் வச்சு ஒட்டுறது ரெண்டும் வேண்டாம்.

புதுக் கேபிளை மாட்டுறதுக்கு முன்னாடி எண்ணெய் விடலாமான்னு கேட்பீங்க. உள்ளே வெள்ளை நைலான் குழாய் தெரிஞ்சா ஒண்ணும் விடாதீங்க, அது காய்ஞ்சே ஓடணும். வெறும் இரும்புச் சுருள்னா மேல்நுனியில பிளாஸ்டிக் கவரோட மூலையை வெட்டிப் புனல் மாதிரி டேப் போட்டுச் சுத்தி, அதுல 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் எண்ணெய்) ஊத்திச் செங்குத்தா ராத்திரி முழுக்கத் தொங்கவிடுங்க. கீழ்நுனியில சுத்தமான எண்ணெய் சொட்டுறவரைக்கும்.

தொண்டி_வடகடல்:
எங்க பக்கம் தேங்கெண்ணெய் விடுவாங்க, கேபிள் வழுவழுன்னு ஓடும்.

கீழக்கரை_டூஸ்ட்ரோக்:
ஓடும், ஒரு மாசத்துக்கு. தேங்கெண்ணெய் மார்கழிக் குளிர்ல உறையும், சூட்டுல பிசினாகும். தலைக்கு வைங்க, கேபிளுக்கு வேண்டாம். டபிள்யூடி-40 அடிக்கிறதும் அப்படித்தான், துருவையும் தண்ணியையும் வெளியேத்த நல்லது, ஆனா உயவு நிக்காது. அதை அடிச்சுக் கழுவிட்டு அடுத்து எண்ணெய் விட்டாத்தான் வேலை முடியும்.

உச்சிப்புளி_ஸ்பேனர்:
தம்பி, கேபிளைக் கழட்டினதும் கிரிப் தனியா நிக்குதா ஓடுதான்னு பாருங்க. வலது சுவிட்ச் டப்பாவைப் பிரிச்சு (ரெண்டு ஸ்டார் ஸ்குரூ, நுனி சரியா பொருந்துற டிரைவர் வேணும், தலை கெட்டா துளைக்க வேண்டிவரும்) கேபிள் நுனியை விடுவிச்சிட்டு, கிரிப் குழாயை மட்டும் சுத்துங்க. தடையில்லாம சுத்தணும். சுத்தலைன்னா உருவி எடுங்க. ஹேண்டில்பார் மேல குரோம் உரிஞ்சு துருச் செதில் நிக்கும். 400 நம்பர் உப்புத்தாளால அதை மட்டும் இறக்கி, மண்ணெண்ணெய்த் துணியால துடைங்க. பிளாஸ்டிக் குழாயோட உள்பக்கம் மணல் கோடு போட்டிருந்தா குழாயை மாத்துறதுதான் சரி.

ரப்பர் கிரிப் புதுசு போட்டிருந்தா இன்னொண்ணு. கோந்து வழிஞ்சு குழாய்க்கும் பாருக்கும் நடுவுல போயிருக்கும், இல்லைன்னா ரப்பர் உள்பக்கமா நகர்ந்து சுவிட்ச் டப்பாவை உரசும். டப்பாவுக்கும் ரப்பருக்கும் நடுவுல ஒரு 2 மி.மீ. இடைவெளி விட்டு வெட்டிடுங்க. பார் நுனியில வெயிட் இருக்கிற வண்டின்னா அந்தப் பக்கமும் அதே அளவு.

வாலிநோக்கம்_150:
பார் மேல கிரீஸ் போடணுமா வேண்டாமா? இதுல ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

தங்கச்சிமடம்_எக்ஸெல்:
வேண்டாம். ஆடிக் காத்துல தனுஷ்கோடி ரோட்டுல ஒரு நடை போய்ட்டு வந்தாலே கிரீஸ் முழுக்க மணல். முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் ரெண்டு பக்கமும் கடல், மணல் ரோட்டு மேலயே ஓடும். கிரீஸோட சேர்ந்தா அரைக்கிற பசைதான்.

உச்சிப்புளி_ஸ்பேனர்:
காயவிட்டா ஐப்பசி மழைக்கு அதே பார் துருப்பிடிக்கும். வாடை அடிக்கிற மாசங்கள்ல இந்தப் பக்கம் இரும்பு ஒரு ராத்திரியில நிறம் மாறும். நான் சொல்றது நடுவழி: வெள்ளை லித்தியம் கிரீஸ், விரல் நுனி அளவு, பார் முழுக்கத் தடவிட்டுக் காய்ஞ்ச பனியன் துணியால துடைச்சு எடுத்துடுங்க. கண்ணுக்குத் தெரியக் கூடாது, கைக்கு வழுக்கணும். அதுல மணல் ஒட்ட ஒண்ணும் இருக்காது.

தங்கச்சிமடம்_எக்ஸெல்:
அந்த அளவுன்னா சரிண்ணே. கடையில ஒரு உருண்டை எடுத்து அப்புறாங்களே, அதைத்தான் சொன்னேன்.

தேவிபட்டினம்_புல்லட்:
ஸ்லைடு தனியா விட்டா விழாதவங்களுக்கு: பழைய புல்லட் (மிக்கார்ப் விஎம்24), ஸ்ப்ளெண்டர் வகையில கார்ப் ரெண்டு போல்ட்ல பிளேஞ்சு (தட்டையான விளிம்பு) வச்சு நிக்குது. லூசா இருக்குன்னு நினைச்சு ஸ்பேனர்ல தொங்கி இறுக்குவாங்க. பிளேஞ்சு வளையும், கூடவே ஸ்லைடு ஓடுற துளையும் வட்டம் மாறிடும். சோதனை சுலபம். ரெண்டு நட்டையும் லூசாக்கி ஸ்லைடை விடுங்க. லூசுல விழுது, இறுக்கினா நிக்குதுன்னா வேற எதையும் தேட வேண்டாம். பிளேஞ்சு முகத்துல ஸ்கேலை நிறுத்தி வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க. கண்ணாடித் தகடு மேல 320 உப்புத்தாள் விரிச்சு, எட்டு வடிவத்துல தேய்ச்சு முகத்தைச் சமப்படுத்துங்க. ஓரிங் புதுசு போட்டு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் தாராளம், குட்டை ஸ்பேனரை நுனியில பிடிக்காம நடுவுல பிடிச்சு இறுக்குற அளவு.

ஸ்லைடை எவ்வளவு தேய்க்கலாம்னும் சொல்லிடறேன். முதல்ல வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க. உரசுற இடம் மட்டும் பளபளன்னு தெரியும், மீதி மங்கலா இருக்கும். அந்தப் பளபளப்புல மட்டும் 1000 அல்லது 1500 நம்பர் தாளைத் தண்ணியில நனைச்சு நீளவாக்குல தேய்க்கணும், குறுக்கே இல்லை. பிராசோ போட்டுத் துணியால தேய்ச்சாலும் சரி, ஆனா பெட்ரோல்ல சுத்தமாக் கழுவிட்டுத்தான் மாட்டணும், அந்தத் தூள் ஜெட்டை அடைக்கும். மொத்தமா 220 போட்டு இழைச்சுட்டா ஸ்லைடு நல்லா விழும், கூடவே ஓரம் வழியா காத்தும் நுழையும். பிறகு ஐட்லிங் எந்த ஜென்மத்துலயும் நிக்காது. குரோம் செதிலா உரிஞ்ச ஸ்லைடை மாத்துறது தவிர வழியில்லை. எதுவானாலும் ஸ்லைடுல எண்ணெய், கிரீஸ் தடவாதீங்க. காத்தோட வர்ற தூசியைப் பிடிச்சு வச்சுக்கும்.

மாட்டும்போது ஸ்லைடுல இருக்கிற நீளக் காடி உடம்புல இருக்கிற பின்னுல உக்காரணும், சரிவா வெட்டின பக்கம் ஏர் ஃபில்டர் பார்த்து இருக்கணும். திருப்பி மாட்டினா அடிவரைக்கும் இறங்காது, உதைச்ச உடனே முழு ரைஸ்ல கத்தும். ஊசியோட கிளிப் மேலேருந்து எத்தனையாவது காடியில இருந்துச்சுன்னு எடுக்கிறதுக்கு முன்னாடியே குறிச்சு வைங்க. மேல்மூடி மரை ஏறிக் கோணலா உக்காந்தா ஸ்பிரிங் சாய்ஞ்சு ஸ்லைடை ஒரு பக்கமா அழுத்தும், அதுவும் பிடிக்கும். முதல் ரெண்டு மரையைப் பின்னோக்கித் திருகி, 'கிளிக்'னு விழுந்த பிறகு முன்னோக்கித் திருகுங்க.

ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் போடுற வைத்தியம் பத்தி ஒரு வரி. வேண்டாம். பிடிப்போட காரணம் அப்படியேதான் இருக்கும். வேற வண்டியோட முரட்டு ஸ்பிரிங் போட்டா மணிக்கட்டு வலிக்கும், கேபிள் சீக்கிரம் தேயும்.

வாலிநோக்கம்_150:
பல்சர் மாதிரி சிவி கார்ப் வச்சிருக்கிறவங்க மேல சொன்ன ஸ்லைடு சோதனையை அப்படியே செய்யாதீங்க. இதுல கேபிள் இழுக்கிறது வட்டத் தகட்டை, பட்டர்ஃபிளையை. ஸ்லைடு வாக்யூம்ல தானா ஏறி இறங்கும். அதனால ரைஸ் மேலேயே நின்னா பார்க்க வேண்டியது பட்டர்ஃபிளை தண்டும், வெளியே இருக்கிற கேபிள் சக்கரமும் அதோட சுருள் ஸ்பிரிங்கும்தான். கார்ப்போட பக்கவாட்டுல வெளிப்படையா இருக்கிறதால சேறும் உப்பும் அங்கதான் சேரும். பிரஷ் போட்டுக் கழுவி, தண்டு நுழையிற இடத்துல ஒரு சொட்டு இன்ஜின் ஆயில்.

ஐட்லிங் ஸ்குரூவை முழுசா வெளியே திருகி வச்சிருந்தா தகடு துளையிலேயே ஆப்பு மாதிரி இறுகிக்கும். திறக்கும்போது முதல்ல ஒட்டிக்கிட்டு 'வெடுக்'குன்னு வரும். ஸ்குரூவைத் தகடு இறுகாத அளவுக்கு உள்ளே திருகினா போயிடும். தகட்டைப் பிடிச்சிருக்கிற ரெண்டு சின்ன ஸ்குரூவைத் தொடாம இருக்கிறது உத்தமம். நுனியை நசுக்கி விட்டிருப்பாங்க, கழட்டி அப்படியே மாட்டினா ஒரு நாள் கழண்டு இன்ஜினுக்குள்ளே போகும்.

ஸ்லைடு சிக்கினா இதுல குணம் வேற, வண்டி இழுக்காது, திணறும். விரலால மேலே தூக்கி விட்டா சீரா இறங்கணும். ஸ்லைடு தலையில இருக்கிற மெல்லிய ரப்பர் டயஃப்ரம் மேல கார்ப் கிளீனர் பட்டா உப்பிப் பெரிசாயிடும், மறுபடி அந்தக் காடியில உக்காராது. அதைக் கழட்டி வச்சிட்டுத்தான் ஸ்பிரே.

பாம்பன்காத்து:
கிரிப் குழாயை உருவினேன். பாருல சுவிட்ச் டப்பாக்கு அடியில துரு, உள்ளே மணல். சுத்தம் பண்ணி, அண்ணன் சொன்ன மாதிரி துடைச்ச கிரீஸ். ஜாயின்ட் டப்பாவும் கழுவியாச்சு, புதுக் கேபிள் போட்டாச்சு. இப்போ மூணு நிலையிலயும் 'டக்'னு விழுது. கிரிப்புல சும்மா ஆடுற இடம் எவ்வளவு வைக்கணும்? ஆர்டி இன்னும் பாக்கி.

உச்சிப்புளி_ஸ்பேனர்:
கிரிப் விளிம்புல அளந்து 3லேர்ந்து 5 மி.மீ. வச்சுட்டு இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை ரெண்டு கோடிக்கும் ஒடிங்க. ரைஸ் ஒரு மயிரும் ஏறக் கூடாது. ஏறினா கேபிள் எங்கேயோ இன்னும் இழுபடுது.

ஆர்டி-க்கு: இன்ஜின் ஆஃப். முழுசா திருகி விட்டுட்டு, வலது கார்ப் தலையில அவுட்டரைப் பிடிச்சு மேலே தூக்குங்க. அங்க கேபிள் லூசா இருந்தா, மேலேர்ந்து விட்டாச்சு, ஸ்லைடுதான் இறங்கல, அந்தக் கார்ப்பைத் திறங்க. கேபிள் லூசே இல்லாம விறைப்பா இருந்தா ஜாயின்ட் டப்பால கட்டை சாய்ஞ்சு நிக்குது, இல்லைன்னா அந்தக் கீழ்க் கேபிள் இறுகியிருக்கு.

எதைச் சரி பண்ணினாலும் ரெண்டு கார்ப்பையும் சேர்த்துச் சமப்படுத்தணும். ஏர் ஃபில்டர் பக்கத்து ரப்பரைக் கழட்டி, ஐட்லிங் ஸ்குரூ ரெண்டையும் ஸ்லைடைத் தொடாத வரைக்கும் வெளியே எடுங்க. ரெண்டு வாயிலயும் ஒவ்வொரு விரலை ஸ்லைடு மேல வச்சுக்கிட்டு, கிரிப்பை மெதுவாத் திருகச் சொல்லுங்க. ரெண்டும் ஒரே நொடியில அசையணும். முந்துற பக்கத்து அட்ஜஸ்டரை உள்ளே விடுங்க, பிந்துறதை வெளியே எடுங்க. பிறகு ஒரே அளவு டிரில் பிட்டோட வழுவழுப்பான தண்டை ரெண்டு ஸ்லைடுக்கும் அடியில வச்சு, ஐட்லிங் ஸ்குரூ ரெண்டையும் அந்த உயரத்துல நிறுத்துங்க. அது தொடக்கம்தான். ஓடவிட்டு ரெண்டையும் ஒரே அளவு சுத்தி ரைஸை இறக்கிக்கலாம்.

தொண்டி_வடகடல்:
ஓட்டிட்டு வந்ததும் தண்ணி பீய்ச்சிக் கழுவினா உப்பு வராதுல்ல?

தங்கச்சிமடம்_எக்ஸெல்:
எந்தத் தண்ணின்னு பார்க்கணும். கடலோரத்து போர் தண்ணி நிறைய இடத்துல உவர். அதுல கழுவிக் காயவிட்டா வெள்ளைத் தடம் நிக்கும், உப்பை உப்பால கழுவின கணக்கு. காவிரித் தண்ணி குடத்துக்குக் காத்திருக்கிற ஊர்ல வண்டிக்கு ஊத்த மனசு வராது, தேவையும் இல்லை. அரைச் சொம்புல துணியை நனைச்சுப் பிழிஞ்சு கிரிப், கேபிள், கார்ப் தலை இந்த மூணை மட்டும் துடைங்க. பிரஷர் பைப்பைக் கேபிள் வாய்க்கு நேரா காட்டாதீங்க, உப்பை உள்ளே தள்ளி விடும்.

பாம்பன்காத்து:
ஆர்டி-ல வலது கார்ப் தலையில கேபிள் லூசு. ஸ்லைடுல பின் ஓடுற காடியோட ஓரம் பிசிறா இருக்கு. 1500 தாள்ல தேய்ச்சு இப்போ விழுது. ரெண்டு வண்டியிலயும் பம்ப் குறியைப் புத்தகம் பார்த்து வச்சாச்சு. ஆயில் லைனைக் கழட்டல. காத்து எடுக்கணுமா?

கீழக்கரை_டூஸ்ட்ரோக்:
லைனைக் கழட்டலைன்னா வேண்டாம். கழட்டியிருந்தா பம்ப் மேல இருக்கிற பிளீட் ஸ்குரூவைத் திறந்து, குமிழ் இல்லாம எண்ணெய் வழியிற வரைக்கும் விட்டு மூடணும். எதுக்கும் முதல் 2 லிட்டர் பெட்ரோல்ல 40 மில்லி 2டி ஆயில் கலந்து ஊத்திடுங்க. ஆயில் டேங்க்ல இப்போ இருக்கிற மட்டத்துல டேப் ஒட்டிக் குறிச்சு வச்சு, மட்டம் இறங்குதான்னு பாருங்க. அது இறங்கினதைக் கண்ணால பார்த்த பிறகு கலக்குறதை நிறுத்திக்கலாம்.